கொலாஜனிலும் ஃபைப்ரினோஜனிலும் தட்டணுக்கள் ஒட்டிப் பரவுவதை அளப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

மனித இரத்தத்திலிருந்து தட்டணுக்களை (இரத்தப்போக்கை நிறுத்த உதவும் சிறு அணுக்கள்) பிரித்துக் கழுவி, செல்வெளி மேட்ரிக்ஸ் (செல்களைச் சுற்றியுள்ள தாங்குவலை) புரதங்கள் பூசிய கண்ணாடியில் விட்டு, எத்தனை ஒட்டின, எவ்வளவு பரவின என்று அளக்கும் சோதனைக்கான வழிகாட்டி இது. சென்ட்ரிஃபியூஜும் பைப்பெட்டும் கையாளத் தெரிந்த, ஆனால் தட்டணுவை இதுவரை தொடாத ஆய்வு மாணவருக்காக எழுதப்பட்டது.

தொட்டதும் விழித்துக்கொள்வதுதான், அதாவது செயலூக்கம் பெறுவதுதான், தட்டணுவின் வேலை. குளிர், கண்ணாடிக் குழாய், வேகமாக அழுத்திய பைப்பெட், அறுந்த திசுவின் சாறு எல்லாமே அதை எழுப்பிவிடும். ஒருமுறை விழித்த தட்டணு எந்தப் புரதத்தில் ஏன் ஒட்டியது என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. கீழே வரும் படிகளில் பாதிக்கு மேல், பூசிய தளத்தைத் தொடும்வரை அதை உறங்க வைப்பதற்காகவே இருக்கின்றன. தளம் தட்டணுவுக்காகக் காத்திருக்கலாம். தட்டணு தளத்துக்காகக் காத்திருக்கக் கூடாது. அதனால்தான் இந்த வழிகாட்டி இரத்தத்தில் தொடங்காமல் கண்ணாடியில் தொடங்குகிறது.

1. எந்தப் புரதம், எந்த ஏற்பி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

இதைத் தாளில் எழுதிவைக்காமல் பெஞ்சுக்குப் போவதுதான் புதியவர்கள் செய்யும் முதல் தவறு. ஒவ்வொரு புரதமும் வேறு ஏற்பியைக் கேள்வி கேட்கிறது.

இழை வடிவக் கொலாஜனைத் தட்டணு இரண்டு ஏற்பிகளால் பிடிக்கிறது. ஆல்ஃபா-2 பீட்டா-1 இன்டெக்ரின் (இன்டெக்ரின் என்பது மேட்ரிக்ஸைப் பிடிக்கும் ஏற்பி வகை) பிடிமானத்தைத் தருகிறது. இதற்கு மக்னீசியம் கட்டாயம். கிளைகோபுரதம்-6, அதாவது ஜிபி-6, உள்ளே சிக்னலைக் கிளப்புகிறது. ஜிபி-6 தேடுவது கிளைசின், புரோலின், ஹைட்ராக்சிபுரோலின் என்ற மூன்றும் திரும்பத் திரும்ப வரும் தொடரை. அந்தத் தொடர் முச்சுருள் வடிவில் இருந்தால்தான் அதற்கு அடையாளம் தெரியும்.

ஃபைப்ரினோஜனைப் பிடிப்பது ஆல்ஃபா-2பி பீட்டா-3 இன்டெக்ரின். பிளாஸ்மாவில் கரைந்திருக்கும் ஃபைப்ரினோஜனை உறங்கும் தட்டணு சட்டை செய்யாது. அதே ஃபைப்ரினோஜன் கண்ணாடியில் படிந்துவிட்டால் அதில் ஒட்டும். ஃபைப்ரோனெக்டினுக்கு ஆல்ஃபா-5 பீட்டா-1, லேமினினுக்கு ஆல்ஃபா-6 பீட்டா-1. இவை இரண்டிலும் பிடிமானம் பலவீனம்; முதல்முறை செய்பவர் கொலாஜன், ஃபைப்ரினோஜன் இரண்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

வான் வில்பிராண்ட் காரணி என்ற இரத்தப் புரதம் இந்தச் சோதனைக்குப் பொருந்தாது. அது ஜிபி-1பி ஏற்பியோடு சேர்வதற்கு ஓட்டத்தின் இழுவிசை வேண்டும். அசையாத கிண்ணத்தில் அந்த விசை இல்லை.

2. முந்தைய நாளே தயாராக இருக்க வேண்டியவை

நிறுவன நெறிக்குழுவின் ஒப்புதலும் கொடையாளரின் எழுத்துபூர்வ சம்மதமும் இல்லாமல் எதையும் தொடங்க வேண்டாம்.

டைரோட் பஃபர் (தட்டணுக்களைக் கழுவவும் மிதக்கவிடவும் பயன்படும் உப்புக் கரைசல்), 1 லிட்டருக்கு: சோடியம் குளோரைடு 7.83 கிராம், பொட்டாசியம் குளோரைடு 0.22 கிராம், நீரற்ற டைசோடியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் 0.048 கிராம், சோடியம் பைகார்பனேட் 1.01 கிராம், ஹெப்பீஸ் 4.77 கிராம், ஆறுநீர் மக்னீசியம் குளோரைடு 0.20 கிராம். பி.எச். 7.3. குளுக்கோஸ் 0.90 கிராமை அன்றன்றைக்குத் தேவையான பங்குக்கு மட்டும் சேருங்கள். குளுக்கோஸ் கலந்த பஃபரில் சில நாளில் பாக்டீரியா வளர்ந்துவிடும்.

ஏ.சி.டி. (அமில-சிட்ரேட்-டெக்ஸ்ட்ரோஸ்) கரைசல், 100 மி.லி.க்கு: ட்ரைசோடியம் சிட்ரேட் 2.5 கிராம், சிட்ரிக் அமிலம் 1.5 கிராம், குளுக்கோஸ் 2 கிராம். இது கால்சியத்தைப் பிடித்துவைப்பதோடு பி.எச். அளவையும் 6.5 அருகே இறக்குகிறது. அந்த பி.எச்.சில் தட்டணுக்கள் ஒன்றோடொன்று எளிதில் ஒட்டுவதில்லை.

தட்டணுக்களைத் தற்காலிகமாக உறங்க வைக்கும் புரோஸ்டாசைக்ளினைச் சிறு பங்குகளாக்கி –80° செல்சியஸில் வையுங்கள். நடுநிலை பி.எச்.சில் சில நிமிடங்களிலேயே அது செயலிழக்கும். காலையில் பஃபரில் கலந்துவைத்து மதியம் பயன்படுத்தினால் வெறும் தண்ணீர் ஊற்றியதற்குச் சமம்.

சென்ட்ரிஃபியூஜின் சுழல் ஆரத்தை அளந்து, ஜி விசையை ஆர்.பி.எம். ஆக மாற்றி இயந்திரத்தின் மேல் ஒட்டிவிடுங்கள். சூத்திரம்: ஜி விசை = 0.00001118 × ஆரம் (செ.மீ.) × ஆர்.பி.எம். வர்க்கம். ஆரம் 15 செ.மீ. என்றால் 200 ஜி என்பது ஏறத்தாழ 1,090 ஆர்.பி.எம்.; 1,000 ஜி என்பது ஏறத்தாழ 2,440. வேறொரு ஆய்வகத்தின் ஆர்.பி.எம். எண்ணை அப்படியே எடுத்துக்கொண்டால், ஆரம் வேறு என்பதால் விசையும் வேறாகிவிடும்.

3. கண்ணாடியில் புரதம் பூசுதல்

13 மி.மீ. வட்டக் கவர்ஸ்லிப்புகளை 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் ஒரு மணி நேரம் ஊறவைத்து, நிறைய நீரில் அலசி, எத்தனாலில் முக்கிக் காயவிடுங்கள். புதுப் பெட்டியிலிருந்து எடுத்த கண்ணாடியிலும் எண்ணெய்ப் படலம் இருக்கும். அதன் மேல் புரதம் திட்டுத்திட்டாகவே படியும். பிறகு 24 குழி தட்டில் ஒரு குழிக்கு ஒன்று வையுங்கள்.

ஃபைப்ரினோஜன்: பி.பி.எஸ்.சில் (பாஸ்பேட் பஃபர் சேர்த்த உப்புநீர்) 100 மைக்ரோகிராம்/மி.லி., குழிக்கு 300 மைக்ரோலிட்டர், 4° செல்சியஸில் இரவு முழுதும். பொடியை 37° செல்சியஸில் வெதுவெதுப்பான உப்புநீரில் தானாகக் கரையவிடுங்கள். குலுக்கினால் நுரைத்து, நூல்நூலாகப் பிரிந்துவிடும். வாங்கும்போது வான் வில்பிராண்ட் காரணி, ஃபைப்ரோனெக்டின், பிளாஸ்மினோஜன் மூன்றும் நீக்கப்பட்ட தரத்தைக் கேளுங்கள். மலிவான ஃபைப்ரினோஜனில் இவை மூன்றுமே இருக்கலாம். அப்போது எந்தப் புரதத்தில் ஒட்டியது என்ற கேள்விக்கே பொருள் இல்லை.

கொலாஜன்: குதிரைத் தசைநாணிலிருந்து எடுத்த ஹார்ம் வகை இழைக் கொலாஜன் இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. 100 மைக்ரோகிராம்/மி.லி. அளவில், அதனுடன் வரும் அமிலக் குளுக்கோஸ் கரைசலில் நீர்க்கச் செய்யுங்கள். நேரே பி.பி.எஸ்.சில் ஊற்றினால் கட்டிகட்டியாகத் திரளும். பயன்படுத்துமுன் குப்பியை நன்றாகக் குலுக்குங்கள், ஏனெனில் இழைகள் அடியில் தங்கியிருக்கும். (ஃபைப்ரினோஜனைக் குலுக்காதே, கொலாஜனைக் குலுக்கு. இதைத் தலைகீழாகச் செய்பவர்களே அதிகம்.) கொலாஜனை உறையவைக்கவும் கூடாது, சூடாக்கவும் கூடாது. முந்தையது இழைகளைக் கெடுக்கும். பிந்தையது முச்சுருளை அவிழ்த்து ஜெலட்டின் ஆக்கிவிடும். ஜெலட்டினை ஜிபி-6 அடையாளம் காணாது.

பூச்சு ஒருபோதும் உலரக் கூடாது. குளிர்பெட்டியில் வைக்கும்போது தட்டின் ஓரக் குழிகளில் நீர் ஊற்றி, பாராஃபிலிமால் மூடுங்கள்.

4. வெற்றிடங்களை அடைத்தல்

மறுநாள் காலை பூச்சை உறிஞ்சி எடுத்து, பி.பி.எஸ்.சில் இரண்டு முறை அலசுங்கள். கொலாஜன் குழிகளுக்கு மூன்று முறை. அமிலம் மிஞ்சினால் தட்டணு செத்துப்போகும். பிறகு 5 மி.கி./மி.லி. வெப்பத்தால் சிதைத்த பி.எஸ்.ஏ.வை (மாட்டு இரத்த ஆல்புமின் புரதம்) ஊற்றி அறை வெப்பத்தில் 1 மணி நேரம் விடுங்கள்.

இந்தப் படியைத் தவிர்த்தால், புரதம் படியாத வெறும் கண்ணாடியிலும் தட்டணு ஒட்டும். புரதமே பூசாமல் பி.எஸ்.ஏ. மட்டும் ஊற்றிய இரண்டு குழிகளை எப்போதும் வைத்திருங்கள். அங்கே ஒரு பார்வைப் புலத்துக்கு விரல்விட்டு எண்ணும் அளவுக்கு மேல் தட்டணு இருந்தால், அன்றைய முடிவுகள் எதையும் நம்பாதீர்கள்.

5. இரத்தம் எடுத்தல்

கொடையாளர் கடந்த 10 நாட்களில் ஆஸ்பிரின் எடுத்திருக்கக் கூடாது. தட்டணுவில் த்ராம்பாக்சேன் என்ற தூண்டுபொருள் உருவாகத் தேவையான சைக்ளோஆக்சிஜனேஸ்-1 நொதியை ஆஸ்பிரின் நிரந்தரமாக முடக்கிவிடும். தட்டணுவின் ஆயுள் 7 முதல் 10 நாள். "மாத்திரை ஏதாவது போட்டீர்களா?" என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் "இல்லை" என்றே பதில் வரும். தலைவலிக்கு, பல்வலிக்கு, மாதவிடாய் வலிக்கு, ஜலதோஷத்துக்கு என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள்.

21 கேஜ் அல்லது அதைவிடப் பெரிய பட்டாம்பூச்சி ஊசி. கைப்பட்டையை லேசாகக் கட்டி, இரத்தம் வரத் தொடங்கியதும் தளர்த்திவிடுங்கள். முதல் 3 மி.லி.யை ஒதுக்குங்கள், ஊசி கிழித்த திசுவின் காரணிகள் அதில்தான் இருக்கும். பிறகு 9 பங்கு இரத்தத்துக்கு 1 பங்கு 3.2 சதவீத சோடியம் சிட்ரேட் என்ற கணக்கில் பிளாஸ்டிக் குழாயில் 20 மி.லி. எடுங்கள். நான்கைந்து முறை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். சிரை சரியாகக் கிடைக்காமல் ஊசியைத் துழாவ வேண்டியிருந்தால் அந்த மாதிரியைக் கைவிடுங்கள். பிறகு எவ்வளவு கவனமாகக் கழுவினாலும் அது சரியாகாது.

இரத்தத்தைக் குளிர்பெட்டியிலோ ஐஸிலோ வைக்க வேண்டாம். 20° செல்சியஸுக்குக் கீழே போனால் தட்டணு தட்டு வடிவத்தை இழந்து உருண்டையாகும். ஏசியை 18-இல் வைத்திருக்கும் அறைகளில் பெஞ்சின் மேல் வைத்த குழாய்கூட இப்படிக் கெட்டுப்போகலாம். 22 முதல் 25 வரை வைத்துக்கொள்ளுங்கள்.

6. தட்டணு மிகுந்த பிளாஸ்மா

200 ஜி, 20 நிமிடம், அறை வெப்பம், பிரேக் இல்லாமல். பல சென்ட்ரிஃபியூஜ்களில் முன்பு பயன்படுத்தியவர் விட்டுச்சென்ற 4° செல்சியஸ் அமைப்பே இருக்கும். குழாயை வைக்குமுன் வெப்பநிலையைப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். பிரேக் போட்டால் சுழற்சி திடீரென நின்று, பிரிந்த அடுக்குகள் கலங்கிவிடும்.

மேலே வரும் கலங்கலான மஞ்சள் அடுக்குதான் தேவை. அகலவாய்ப் பிளாஸ்டிக் பைப்பெட்டால் மேல் முக்கால் பாகத்தை மட்டும் எடுங்கள். வெள்ளணுப் படலத்துக்கு அருகில் கிடைக்கும் கடைசி அரை மி.லி. மீது ஆசை வேண்டாம். அதில் வரும் வெள்ளணுக்களும் சிவப்பணுக்களும் பின்னால் ஏ.டி.பி.யை (தட்டணுவைத் தூண்டும் சிறு மூலக்கூறு) கசியவிட்டு எல்லாத் தட்டணுக்களையும் எழுப்பிவிடும்.

7. கழுவுதல்

புதியவர்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. பிளாஸ்மா மிஞ்சினால் அதிலுள்ள ஃபைப்ரினோஜனும் ஃபைப்ரோனெக்டினும் எல்லாக் குழிகளிலும் படிந்து, நீங்கள் பூசிய புரதங்களுக்கிடையே உள்ள வேறுபாட்டை மங்கச்செய்யும். ஆகவே கழுவித்தான் ஆக வேண்டும். ஆனால் கழுவும்போதுதான் தட்டணுக்கள் அடியில் நெருக்கியடித்து உட்காருகின்றன. அவை திரளக்கூடிய தருணமும் அதுவே.

முதலில் பிளாஸ்மாவில் பத்தில் ஒரு பங்கு ஏ.சி.டி. சேருங்கள். அடுத்து, சுழற்றுவதற்குச் சற்று முன், இறுதி அளவு 0.1 மைக்ரோகிராம்/மி.லி. வரும்படி புரோஸ்டாசைக்ளின். உடனே 1,000 ஜி, 10 நிமிடம், அறை வெப்பம்.

மேல் திரவத்தை முழுதாக நீக்குங்கள். குழாயின் உட்சுவரில் ஒட்டிய துளிகளையும் டிஷ்யூ தாளால் ஒற்றி எடுங்கள். படிவின் மேல் 1 மி.லி. டைரோட் ஊற்றி, குழாயைச் சாய்த்துச் சுழற்றி, படிவைத் தானாக உதிரவிடுங்கள். சிறு டிப்பால் உறிஞ்சி உறிஞ்சிப் பீய்ச்சினால், அந்த இழுவிசையே தட்டணுவை எழுப்பப் போதும். 25 மி.லி. டைரோட், 3 மி.லி. ஏ.சி.டி., புதிதாக எடுத்த புரோஸ்டாசைக்ளின் என்ற கலவையில் சேர்த்து, இன்னொரு முறை 1,000 ஜி, 10 நிமிடம். கடைசியாக 2 மி.லி. வெறும் டைரோட்டில் கரையுங்கள்.

படிவு கரையாமல் வெள்ளைத் துணுக்குகளாக மிதந்தால் அது திரண்டுவிட்டது. துணுக்கை ஒதுக்கிவிட்டு மீதியை வைத்து ஒப்பேற்றலாம் என்று தோன்றும். வேண்டாம், மீதியும் பாதி விழித்ததுதான்.

8. ஓய்வும் எண்ணிக்கையும்

அறை வெப்பத்தில் 30 நிமிடம் அசைக்காமல் விடுங்கள். புரோஸ்டாசைக்ளினின் தாக்கம் இறங்க இந்த நேரம் தேவை. இதைச் சுருக்கினால் கொலாஜனிலும் பலவீனமாகவே ஒட்டும்; பலர் பூச்சைக் குறைசொல்லி அதை மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

குழாயை விளக்குக்கு எதிரே பிடித்து மெல்லச் சுழற்றிப் பாருங்கள். பட்டுத்துணியில் ஒளி நெளிவதுபோன்ற அலை தெரிந்தால் தட்டணுக்கள் தட்டு வடிவில் இருக்கின்றன. ஒரே சீராகக் கலங்கித் தெரிந்தால் உருண்டையாகிவிட்டன. ஒரு நிமிட வேலைதான், ஆனால் இதைவிட நம்பகமான எளிய சோதனை கிடையாது.

ஓய்வு நேரத்தில் எண்ணிவிடலாம். 1 சதவீத அம்மோனியம் ஆக்சலேட்டில் 100 மடங்கு நீர்த்து, நியூபாவர் அறையில் (செல்களை எண்ணும் கட்டமிட்ட கண்ணாடி) ஏற்றி, ஈரமான பெட்டிக்குள் 15 நிமிடம் வைத்து, நடுச் சதுரம் முழுவதையும் எண்ணுங்கள். அந்த எண்ணை 1,000-ஆல் பெருக்கினால் ஒரு மைக்ரோலிட்டருக்கு எத்தனை என்று கிடைக்கும். 300 எண்ணினால் மைக்ரோலிட்டருக்கு 3 லட்சம், அதாவது மி.லி.க்கு 30 கோடி. உங்களுக்குத் தேவை மி.லி.க்கு 2 கோடி, ஆகவே 15 மடங்கு நீர்க்க வேண்டும். இதைவிட அடர்த்தியாக விட்டால் தட்டணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, பரப்பளவை அளக்க முடியாமல் போகும்.

9. ஒட்டவிடுதல்

தட்டையும் தட்டணுக்களையும் தனித்தனியே 37° செல்சியஸில் 5 நிமிடம் வெதுவெதுப்பாக்குங்கள். குழிக்கு 300 மைக்ரோலிட்டர் விட்டு, 37° செல்சியஸில் 45 நிமிடம். இரத்தம் எடுத்ததிலிருந்து நான்கு மணி நேரத்துக்குள் இந்தப் படி முடிந்துவிட வேண்டும்.

கட்டுப்பாட்டுக் குழிகள்: பி.எஸ்.ஏ. மட்டும், ஃபைப்ரினோஜனில் 0.1 யூனிட்/மி.லி. த்ராம்பின் சேர்த்தது, தடுப்பான் மருந்துகளைக் கரைக்கப் பயன்படும் டி.எம்.எஸ்.ஓ. கரைப்பானை மட்டும், மருந்து இல்லாமல், சேர்த்தது. த்ராம்பின் முழுப் பரவலை எழுப்பும் என்றாலும், ஃபைப்ரினோஜனை ஃபைப்ரினாகவும் மாற்றும். தளம் மாறக் கூடாது என்றால் த்ராம்பின் தூண்டும் அதே பி.ஏ.ஆர்.-1 ஏற்பியைத் தூண்டும் ட்ராப் பெப்டைடைப் பயன்படுத்துங்கள்.

ஒட்டியது மேட்ரிக்ஸின் நேரடி விளைவா, அல்லது முதலில் ஒட்டிய தட்டணுக்கள் வெளியிட்ட ஏ.டி.பி.யும் த்ராம்பாக்சேனும் மற்றவற்றை இழுத்ததா? அபைரேஸ் (ஏ.டி.பி.யைச் சிதைக்கும் நொதி) 2 யூனிட்/மி.லி., இண்டோமெதசின் (த்ராம்பாக்சேன் உருவாவதைத் தடுக்கும் மருந்து) 10 மைக்ரோமோலார் சேர்த்த குழிகளை இணையாக வைத்தால் இதற்கு விடை கிடைக்கும். கொலாஜனில் இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியும்.

அலசும்போது பி.பி.எஸ்.சைக் குழியின் சுவர் வழியே வழியவிடுங்கள், மூன்று முறை. கவர்ஸ்லிப் மேல் நேராக ஊற்றினால் பாதி பெயர்ந்து போகும். எல்லாக் குழிகளையும் ஒரே கை, ஒரே வேகத்தில் அலச வேண்டும்.

10. நிலைப்படுத்தி நிறமேற்றுதல்

4 சதவீத பாராஃபார்மால்டிஹைடு, 10 நிமிடம். 50 மில்லிமோலார் அம்மோனியம் குளோரைடு, 10 நிமிடம். மிஞ்சிய ஆல்டிஹைடு பின்னணியில் ஒளிராமல் இது தடுக்கும். 0.1 சதவீத ட்ரைட்டான் (செல் சவ்வில் துளையிடும் சோப்பு போன்ற பொருள்), 5 நிமிடம். பிறகு ஒளிரும் சாயம் இணைத்த ஃபல்லாய்டினில் (செல்லின் உட்சட்டகமான ஆக்டின் இழைகளைப் பிடிக்கும் பொருள்) இருட்டில் 45 நிமிடம். மெத்தனாலில் நிலைப்படுத்தினால் ஆக்டின் இழைகளின் அமைப்பு சிதைந்து ஃபல்லாய்டின் பிடிக்காது.

11. அளத்தல்

63 மடங்கு அல்லது 100 மடங்கு எண்ணெய் லென்ஸில், குழிக்கு ஐந்து புலங்கள். "நன்றாக இருக்கும்" புலத்தைத் தேடாதீர்கள். மேடையை நகர்த்த வேண்டிய இடங்களை முன்பே முடிவு செய்யுங்கள். படங்களின் பெயரை இன்னொருவர் மாற்றித் தந்த பிறகே அளவிடுங்கள்.

ஃபைப்ரினோஜனில் ஒவ்வொரு தட்டணுவின் பரப்பளவையும் ஃபிஜி மென்பொருளில் வரையலாம். அதோடு வடிவத்தையும் குறியுங்கள்: விரல் நீட்டியதா, விரல்களுக்கிடையே படலம் விரிந்ததா, முழுதும் பரவி ஆக்டின் கற்றைகள் தெரிகிறதா. த்ராம்பின் இல்லாத ஃபைப்ரினோஜனில் மூன்றும் கலந்தே இருக்கும். அது கோளாறு அல்ல.

கொலாஜனில் தட்டணுக்கள் இழையின் மேல் வரிசையாக நெருங்கி ஒட்டும். தனித்தனியே பிரித்து வரைவது ஊகமாகிவிடும். அங்கே மூடப்பட்ட பரப்பின் சதவீதத்தைச் சொல்லுங்கள்.

புள்ளியியலில் ஓர் அலகு என்பது ஒரு கொடையாளர், ஒரு தட்டணு அல்ல. ஒருவருடைய 500 தட்டணுக்களை அளந்தாலும் மாதிரி எண்ணிக்கை 1 தான்.

12. ஒளிர் நுண்ணோக்கி இல்லாத இடத்தில்

எத்தனை ஒட்டின என்பது மட்டும் போதுமென்றால் அமில பாஸ்படேஸ் முறை (தட்டணுவுக்குள் உள்ள அந்த நொதியின் செயலை நிறத்தால் அளப்பது) மலிவானது. 96 குழி தட்டில் புரதம் பூசி, மி.லி.க்கு 10 கோடி தட்டணு அளவில் குழிக்கு 50 மைக்ரோலிட்டர் விட்டு, அலசிய பின், 5 மில்லிமோலார் பாரா-நைட்ரோஃபீனைல் பாஸ்பேட்டும் 0.1 சதவீத ட்ரைட்டானும் கொண்ட பி.எச். 5.4 சிட்ரேட் பஃபரில் 150 மைக்ரோலிட்டர் சேருங்கள். 37° செல்சியஸில் 1 மணி நேரம் கழித்து 1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடு 100 மைக்ரோலிட்டர். காரம் நொதியை நிறுத்துகிறது. அமிலத்தில் நிறமற்றிருந்த விளைபொருளை மஞ்சளாக்கியும் காட்டுகிறது. 405 நானோமீட்டரில் அளவிடுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். கடைசி அலசலுக்கு உப்புநீரைப் பயன்படுத்துங்கள், பி.பி.எஸ். வேண்டாம், பாஸ்பேட் இந்த நொதியை அடக்கும். தெரிந்த எண்ணிக்கையில் தட்டணுக்களைச் சிதைத்து ஒரு தரக்கோட்டையும் (எத்தனை தட்டணுவுக்கு எவ்வளவு நிறம் என்று காட்டும் கோடு) அதே தட்டில் போடுங்கள். அது இல்லாமல் மஞ்சளின் அடர்த்திக்கு எண்ணிக்கைப் பொருள் இல்லை.

13. முடிவு கோணலாக வந்தால்

பி.எஸ்.ஏ. குழியிலும் நிறைய ஒட்டியிருந்தால்: அடைப்பு போதவில்லை, அல்லது தட்டணுக்கள் முன்பே விழித்துவிட்டன. எட்டாம் படியில் அலை தெரிந்ததா என்று குறிப்பேட்டில் பாருங்கள். தெரிந்திருந்தால் பி.எஸ்.ஏ.வை மாற்றுங்கள், தெரியவில்லை என்றால் இரத்தம் எடுத்த விதத்துக்குத் திரும்புங்கள்.

கொலாஜனில் ஒட்டவில்லை, ஃபைப்ரினோஜனில் சரியாக இருக்கிறது என்றால்: கொலாஜன் கெட்டுவிட்டது அல்லது குப்பியைக் குலுக்காமல் எடுத்திருக்கிறீர்கள். இரண்டிலுமே ஒட்டவில்லை என்றால் மக்னீசியத்தைச் சந்தேகியுங்கள்: பஃபரில் விட்டுப்போயிருக்கலாம், அல்லது மிஞ்சிய சிட்ரேட் அதைப் பிடித்துக்கொண்டிருக்கலாம். ஓய்வு நேரம் சுருங்கியதும் இதே தோற்றத்தைத் தரும்.

ஒட்டுகிறது, பரவவில்லை என்றால் கொடையாளரின் மாத்திரைகளைப் பற்றி மறுபடி கேளுங்கள். அடுத்ததாக இரத்தம் எடுத்த நேரத்தைப் பாருங்கள்.

14. ஓட்டத்தில் செய்ய நினைத்தால்

அசையாத கிண்ணத்தில் கிடைத்த முடிவை வைத்துத் தமனியில் நடப்பதைப் பற்றிப் பேச முடியாது. அதற்கு இணைத்தகட்டு ஓட்ட அறை வேண்டும். சுவரில் இழுவீதம் (சுவரருகே ஓட்டத்தின் வேகம் தூரத்தோடு மாறும் வீதம்) தமனிக்கு வினாடிக்கு 1,000 முதல் 1,500, சிரைக்கு 100 முதல் 300. பம்பின் வேகத்தை இப்படிக் கணக்கிடுங்கள்: ஓட்டம் = இழுவீதம் × அகலம் × உயரத்தின் வர்க்கம் ÷ 6. அறையின் அகலம் 3 மி.மீ., உயரம் 50 மைக்ரோமீட்டர் என்றால், 1,000-க்கு நிமிடத்துக்கு 75 மைக்ரோலிட்டர் வரும். உயரம் வர்க்கத்தில் இருப்பதால், கேஸ்கெட்டை இறுக்கும்போது உயரம் பத்து சதவீதம் குறைந்தாலே இழுவீதம் கால் பங்குக்கு அருகில் ஏறிவிடும்.

இங்கே கழுவிய தட்டணு போதாது, முழு இரத்தம் வேண்டும். தட்டணுக்களைச் சுவருக்குத் தள்ளுவது சிவப்பணுக்கள்தான். உறைதடுப்பானாக சிட்ரேட்டுக்குப் பதில் ஹிருடின் அல்லது பி.பி.ஏ.சி.கே. பயன்படுத்துங்கள், இவை கால்சியத்தையும் மக்னீசியத்தையும் தொடாமல் த்ராம்பினை மட்டும் முடக்குகின்றன.